கழுத்து நரம்பைக் காட்டும் காந்தம்

இருசக்கர வண்டியிலிருந்து விழுந்த இளைஞன் ஒருவனை மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கின்றனர். தலைக்கவசம் அணிந்திருந்தமையால் தலைக்கு ஆபத்தில்லை. எக்ஸ்-ரே எடுத்துப் பார்க்கின்றனர். எலும்பு முறிவும் இல்லை. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று வீட்டார் பெருமூச்சு விடுகின்றனர். இரண்டு வாரங்களில் தோலில் ஏற்பட்ட சிராய்ப்புகள் ஆறிவிடுகின்றன. ஆனால் வலக்கை மட்டும் எழவில்லை. தோளிலிருந்து அது துவண்டு தொங்குகிறது. சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுசெல்ல முடியாத மகனுக்குத் தாய் ஊட்டிவிடுகிறாள்.

“அதிர்ச்சியில் அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாகிவிடும்” என்று ஒருவர் சொல்கிறார். எண்ணெய் போட்டு நீவினால் போதும் என்கிறார் மற்றொருவர். ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம் என்று காலம் ஓடுகிறது. சிலருக்கு அக்கை தானாகவே எழுந்துவிடுகிறது. வேறு சிலருக்கோ, எத்தனை ஆண்டுகள் காத்திருப்பினும் அது எழப்போவதில்லை. இவ்விருவரையும் தொடக்கத்திலேயே பிரித்தறிவது எப்படி? காத்திருக்க வேண்டியவர் யார்? விரைந்து அறுவை மருத்துவரை நாட வேண்டியவர் யார்? ஒரு குடும்பத்தின் பிழைப்பே இக்கேள்விக்கான விடையில் அடங்கியிருக்கக்கூடும். அவ்விடையைத் தேட மருத்துவர்க்கு இன்று துணை நிற்கும் ஒரு படத்தைப் பற்றியே இக்கட்டுரையில் நாம் விளக்க முற்படுகிறோம்.

கழுத்தில் ஒரு பின்னல்

நம் பேச்சு வழக்கில் ‘நரம்பு’ என்னும் சொல் பலவற்றைக் குறிக்கிறது. ஊசி போடுவதற்குத் தாதியர் தேடும் இரத்தக் குழாயையும் நரம்பு என்கிறோம். தசையை எலும்போடு பிணைக்கும் நாணையும் நரம்பு என்கிறோம். ஆனால் மருத்துவர் நரம்பு என்று கூறுவது இவற்றை அன்று. மூளையின் கட்டளையைத் தசைக்கும், தோலின் உணர்வை மூளைக்கும் எடுத்துச் செல்லும் வெண்ணிற இழைகளின் கற்றையையே அவர் நரம்பு என்கிறார். அதற்குள் இரத்தம் ஓடுவதில்லை. செய்தி மட்டுமே ஓடுகிறது.

கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் நடுவே இறங்கும் தண்டுவடத்திலிருந்து இருபுறமும் எட்டு இணை நரம்புகள் வெளிப்படுகின்றன. மேல் நான்கில் பல, தலையின் பின்புறத்துக்கும் கழுத்துக்கும் செல்பவை. மூச்சு விடுவதற்கு இன்றியமையாத உதரவிதானத்தை இயக்கும் நரம்பும் கழுத்தின் மூன்றாம், நான்காம், ஐந்தாம் நரம்புகளிலிருந்தே பிறக்கிறது. கழுத்தின் ஐந்தாம், ஆறாம், ஏழாம், எட்டாம் நரம்புகளும் மார்பின் முதல் நரம்பும் ஒன்றுசேர்ந்து கைக்கு உரியவை ஆகின்றன.

இவ்வைந்தும் நேராகக் கைக்கு ஓடிவிடுவதில்லை. கழுத்தின் பக்கவாட்டிலுள்ள இரு தசைகளின் இடுக்கில் நுழைந்து, மூன்று அடிமரங்களாகக் கூடி, பிரிந்து, மீண்டும் கூடி, காறை எலும்பின் அடியில் புகுந்து அக்குளை அடைகின்றன. பெண்கள் கூந்தலைப் பின்னுவது போன்ற இவ்வமைப்பை ‘பிரேக்கியல் பிளெக்சஸ்’ என்று மருத்துவர் அழைப்பர். நாம் கைநரம்புப் பின்னல் எனலாம். தோளை உயர்த்துவதில் ஐந்தாம் நரம்புக்குப் பெரும்பங்கு உண்டு. முழங்கையை மடக்குவதில் ஐந்தாவதும் ஆறாவதும், நீட்டுவதில் ஏழாவதும், விரல்களை மடக்குவதில் எட்டாவதும் முதன்மையானவை. எழுதவும் பொத்தான் போடவும் உதவும் சிறு தசைகளுக்கு மார்பின் முதல் நரம்பு வேண்டும்.

வண்டியிலிருந்து எறியப்படுபவனின் தோள் தரையில் மோதிக் கீழே தள்ளப்படுகிறது. தலையோ மறுபக்கம் சாய்கிறது. அந்த ஒரு கணத்தில் கழுத்துக்கும் தோளுக்கும் இடையே உள்ள பின்னல், இரு முனையிலும் பற்றி இழுக்கப்பட்ட கயிறாகிறது. தலைக்கவசம் உயிரைக் காக்கிறது. அதனை அணியாமல் வண்டி ஏறலாகாது. ஆயினும் இந்த இழுப்பிலிருந்து அது கழுத்தைக் காப்பதில்லை.

நீட்சியா, அறுப்பா, பறிப்பா?

இழுபட்ட நரம்புகள் அனைத்தும் ஒரே விதமாகப் பழுதடைவதில்லை. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நரம்புக் காயமுற்ற பலரைக் கவனித்துவந்த ஹெர்பர்ட் செட்டன் என்னும் ஆங்கிலேய அறுவை மருத்துவர், 1943ஆம் ஆண்டில் இக்காயங்களை மூன்று வகையாகப் பிரித்தார். முதல் வகையில் நரம்பு முழுமையாகவே இருக்கிறது. செய்தி செல்வது மட்டும் தடைப்பட்டிருக்கிறது. சில நாட்களிலோ சில வாரங்களிலோ அது தானே தெளிந்துவிடும். இரண்டாம் வகையில் உள்ளிருக்கும் இழைகள் அறுந்துவிடுகின்றன; ஆனால் அவற்றைச் சூழ்ந்த உறை நிலைத்திருக்கிறது. அவ்வுறையையே வழியாகக் கொண்டு புதிய இழை வளரக்கூடும். மூன்றாம் வகையில் நரம்பே துண்டாகிவிடுகிறது. தைத்தோ ஒட்டு வைத்தோ இணைத்தாலன்றி அது பயன் தராது.

கைநரம்புப் பின்னலில் இவற்றினும் கொடியது ஒன்றுண்டு. நரம்பு நடுவழியில் அறுபடாமல், தண்டுவடத்திலிருந்தே வேரோடு பறிக்கப்பட்டுவிடும். நாற்றைப் பிடுங்கியது போன்ற நிலை இது. இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைக்கலாமே என்றால், தைப்பதற்கு மேல்முனை என்று ஒன்று இல்லை.

இங்கே ஒரு கணக்கை நாம் மனத்தில் கொள்ள வேண்டும். அறுந்த நரம்பிழை மீண்டும் வளரும்போது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் நீளமே வளர்கிறது. கழுத்தில் காயமுற்ற இழை முழங்கையை மடக்கும் தசையை அடைய 25 சென்டிமீட்டர் வளர வேண்டுமெனில், அதற்கு 250 நாட்கள், அதாவது எட்டு மாதங்களுக்கு மேல் ஆகும். தசையோ எல்லையின்றிக் காத்திருப்பதில்லை. நரம்பின் தொடர்பு அற்ற தசை நாளடைவில் மெலிகிறது. ஏறக்குறைய ஒன்று முதல் ஒன்றரை ஆண்டுக்குப்பின், நரம்பு வந்து சேர்ந்தாலும் அதனை ஏற்று இயங்கும் ஆற்றலைப் பெரும்பாலும் இழந்துவிடுகிறது. எனவேதான் அறுவை தேவைப்படுவோர்க்கு அதனை முதல் ஆறு மாதங்களுக்குள், இயன்றால் இன்னும் முன்னதாகவே, செய்துவிட வேண்டும் என்று வல்லுநர் கூறுகின்றனர். “போகப்போகச் சரியாகிவிடும்” என்னும் ஆறுதல் மொழி சிலருக்கு உண்மை; சிலருக்கோ அதுவே இழப்பு.

எக்ஸ்-ரே காட்டாதது

1895ஆம் ஆண்டு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் வில்ஹெல்ம் ராண்ட்கன் எக்ஸ்-கதிர்களைக் கண்டறிந்தார். அவர் எடுத்த புகழ்பெற்ற படத்தில் அவருடைய மனைவியின் கைவிரல் எலும்புகளும் விரலிலிருந்த மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. சதையோ மங்கிய நிழலாகவே நின்றது. அன்றும் இன்றும் எக்ஸ்-ரேயின் இயல்பு இதுவே. கதிரைத் தடுக்கும் சுண்ணாம்புச் சத்து நிறைந்த எலும்பை அது காட்டும். தசை, கொழுப்பு, நரம்பு ஆகிய மூன்றையும் அதனால் பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே “எக்ஸ்-ரேயில் ஒன்றுமில்லை” என்றால் எலும்பில் ஒன்றுமில்லை என்பதே பொருள். நரம்பில் ஒன்றுமில்லை என்று அதற்குப் பொருள் கொள்ளலாகாது.

தண்டுவடத்தைச் சூழ்ந்த நீரில், முதுகில் ஊசி குத்தி மருந்து செலுத்தி, அதன்பின் எக்ஸ்-ரே எடுக்கும் முறையொன்றும் வழக்கிலிருந்தது. வேர் பறிபட்ட இடத்தில் மருந்து கசிந்து பை போல் தேங்குவதைக் கொண்டு உள்நிலையை ஊகித்தனர். பிற்காலத்தில் சி.டி. ஸ்கேனுடன் சேர்த்தும் இதனைச் செய்தனர். இன்றும் தேவைப்படும் இடங்களில் செய்கின்றனர். ஆனால் நோயாளிக்கு அது வலி மிகுந்தது. அன்றியும், தண்டுவடத்தின் அருகிலுள்ள வேர்களைப் பற்றி மட்டுமே அது சொல்லும்; அப்பாலுள்ள பின்னலைப் பற்றி ஏதும் சொல்லாது.

பம்பரமும் ஊஞ்சலும்

எம்.ஆர்.ஐ. என்று நாம் சுருக்கமாக அழைக்கும் காந்த ஒத்ததிர்வுப் படமுறை முற்றிலும் வேறான வழியில் செல்கிறது. இதில் எக்ஸ்-கதிர் கிடையாது. நம் உடலின் எடையில் பாதிக்கு மேற்பட்டது நீர். நீரின் ஒவ்வொரு மூலக்கூறிலும் இரண்டு ஹைட்ரஜன் அணுக்கள் உண்டு. அந்த அணுவின் கருவாகிய புரோட்டான் ஒரு நுண்ணிய காந்தம் போன்றது. தலை சாய்ந்து சுழலும் பம்பரத்துக்கும் அதனை ஒப்பிடலாம்.

வலிமை மிக்க காந்தப் புலத்தில் உடலை வைத்தால், இப்பம்பரங்கள் புலத்தின் திசையைச் சுற்றி ஒரே வேகத்தில் ஆடத் தொடங்குகின்றன. பரவலாகப் பயன்படும் 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அந்த ஆட்டம் விநாடிக்கு ஏறத்தாழ 6 கோடியே 40 இலட்சம் முறை நிகழ்கிறது. பூமியின் காந்தத்தைவிட இவ்வியந்திரத்தின் காந்தம் சுமார் 30,000 மடங்கு வலியது. 3 டெஸ்லா இயந்திரத்தில் இவை இரண்டும் இருமடங்காகும்.

ஊஞ்சலில் ஆடும் குழந்தையைத் தாய் தள்ளுவதைக் கண்டிருக்கிறோம். ஊஞ்சலின் ஆட்டத்தோடு ஒத்துத் தள்ளினால் சிறு விசையே போதும், ஆட்டம் வளர்கிறது. ஒவ்வாத வேளையில் தள்ளினால் பயனில்லை. அவ்வாறே, புரோட்டான்களின் ஆட்டத்தோடு ஒத்த வேகமுடைய வானொலி அலையை உடலுக்குள் செலுத்தினால் அவை அதனை ஏற்றுச் சாய்கின்றன. அலையை நிறுத்தியதும், ஏற்ற ஆற்றலை மெல்ல விடுத்துப் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. அப்போது அவை எழுப்பும் மெல்லிய குறிப்பலையை இயந்திரம் வாங்கிக்கொள்கிறது. நீரில் உள்ளவை ஒரு வேகத்திலும் கொழுப்பில் உள்ளவை வேறொரு வேகத்திலும் திரும்புகின்றன. அந்த வேறுபாடே படத்தில் கருமையாகவும் வெண்மையாகவும் அமைகிறது.

பிளிக்ஸ் பிளாக், எட்வர்ட் பர்செல் ஆகிய இருவரும் 1946ஆம் ஆண்டில் தனித்தனியே கண்ட உண்மை இது. அதற்காக 1952ஆம் ஆண்டின் நோபல் பரிசு அவர்களுக்குக் கிட்டியது. எனினும் அக்குறிப்பலை உடலின் எந்த இடத்திலிருந்து வருகிறது என்பதை அறியும் வழி அப்போது இல்லை. அதனைக் காட்டியவர் அமெரிக்க வேதியியலார் பால் லாட்டர்பர். இடத்துக்கு இடம் காந்தப் புலத்தைச் சிறிது வேறுபடுத்தினால், ஆட்டத்தின் வேகத்தைக் கொண்டே இடத்தை அறியலாம் என்று 1973ஆம் ஆண்டில் அவர் மெய்ப்பித்தார். அவர் எடுத்த படம் நீர் நிரம்பிய இரு சிறு குழாய்களின் படமே. இங்கிலாந்தின் நாட்டிங்காம் நகரில் இக்கலையை விரைவுபடுத்தி வளர்த்தவர் பீட்டர் மான்ஸ்பீல்ட். 15 வயதில் பள்ளியை விட்டு அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தவர் இவர். பின்னர்ப் படித்துப் பேராசிரியரானார். 1978ஆம் ஆண்டில், ஆபத்து நேரலாம் என்ற எச்சரிக்கையையும் மீறி, தாம் உருவாக்கிய முழு உடற்கருவிக்குள் தாமே முதலில் நுழைந்து படமெடுக்கச் செய்தார். இவ்விருவரும் 2003ஆம் ஆண்டில் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

நரம்பைப் பிரித்துக் காண்பது

மூளையையும் முதுகெலும்பையும் காட்டிய இக்கருவியாலும் கழுத்திலுள்ள நரம்புப் பின்னலை எளிதில் காட்ட முடியவில்லை. காரணங்கள் பல. இந்நரம்புகளின் பருமன் சில மில்லிமீட்டரே. அவற்றைச் சூழ்ந்து கொழுப்பு நிறைந்துள்ளது. கொழுப்போ படத்தில் பளிச்சென்று வெண்மையாகத் தோன்றி நரம்பை மறைத்துவிடுகிறது. பக்கத்திலேயே பெரிய இரத்தக் குழாய்கள் துடிக்கின்றன. மூச்சு விடும்போதெல்லாம் மார்பும் தோளும் அசைகின்றன. கழுத்து மெலிந்தும் தோள் அகன்றும் இருப்பதால் காந்தப் புலமும் அவ்விடத்தில் சீராக நிற்பதில்லை.

கொழுப்பின் பளபளப்பை அடக்குவதற்கு இலண்டன் ஆய்வாளர்களான கிரேம் பிடர், இயன் யங் ஆகியோர் 1985ஆம் ஆண்டில் ஒரு வழியை வெளியிட்டனர். புரோட்டான்கள் அனைத்தையும் முதலில் தலைகீழாகப் புரட்டிவிட வேண்டும். அவை நிமிரத் தொடங்கும். கொழுப்பில் உள்ளவை விரைந்து நிமிர்பவை. நீரில் உள்ளவை மெல்ல நிமிர்பவை. கொழுப்பு புரோட்டான்கள் பாதி வழியில், மேலுமின்றிக் கீழுமின்றி நிற்கும் ஒரு கணம் உண்டு. அக்கணத்தில் அவற்றிடமிருந்து குறிப்பலை எழாது. 1.5 டெஸ்லா இயந்திரத்தில் அது புரட்டியதிலிருந்து ஒரு விநாடியின் ஆறில் ஒரு பங்கு கழிந்த வேளையாகும். சரியாக அவ்வேளையில் படமெடுத்தால் கொழுப்பு இருண்டுவிடும். நீர் மிகுந்தவை மட்டும் ஒளிரும். உரத்துப் பேசுபவர் மூச்சு வாங்கும் இடைவெளியில், மெல்லப் பேசுபவரின் சொல்லைக் கேட்பது போன்றது இது.

நரம்பை மட்டுமே குறியாகக் கொண்ட படமுறையை இலண்டனைச் சேர்ந்த பிராங்க்ளின் ஹௌ, அமெரிக்க நரம்பு அறுவை மருத்துவர் ஆரன் பில்லர் ஆகியோரும் அவர்தம் தோழர்களும் உருவாக்கினர். 1992ஆம் ஆண்டில் முயலின் முன்னங்கால் நரம்பைக் காட்டிய அவர்கள், 1993ஆம் ஆண்டில் மனித நரம்புகளின் படங்களை ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டனர். ‘எம்.ஆர். நியூரோகிராபி’, அதாவது காந்த நரம்புப் படம், என்ற பெயர் அதற்கு வழங்கலாயிற்று. அதன்பின் வந்த வலிய காந்தங்களும், கழுத்தையும் தோளையும் தழுவி அமரும் வாங்கிச் சுருள்களும், நுண்ணிய துண்டங்களை அடுக்கி நரம்பின் போக்கைத் தொடர்ந்து காட்டும் கணிப்பொறிகளும் அப்படத்தை மேலும் தெளிவாக்கின.

படத்தில் மருத்துவர் தேடுவது

நலமுள்ள நரம்பு இப்படத்தில் மென்மையான சாம்பல் நிறத்தில், ஒரே சீரான பருமனில் தெரியும்; குறுக்கே வெட்டிப் பார்த்தால் தேன்கூட்டின் அறைகள் போல் உள்ளிழைக் கட்டுகள் தோன்றும். காயமுற்ற நரம்பு வீங்கி, நீர் மிகுந்து, வெண்மையாக ஒளிரும். துண்டான நரம்பில் தொடர்ச்சி அற்ற இடைவெளியோ, முனையில் முடிச்சோ தெரியும். வேர் பறிபட்ட இடத்தில் தண்டுவடத்திலிருந்து வெளிவர வேண்டிய இழை இராது. அதற்குப் பதிலாகக் கிழிந்த உறையில் நீர் தேங்கிய ஒரு பை தோன்றக்கூடும். நரம்பின் தொடர்பை இழந்த தசைகளும் நாளடைவில் நிறம் மாறிக் காட்டிக்கொடுக்கும்.

அடிபட்ட உடனே இரத்தக் கசிவும் வீக்கமும் எல்லாவற்றையும் மூடியிருக்கும். ஆதலால் வேறு அவசரம் இல்லாதபோது மூன்று, நான்கு வாரங்கள் கழித்தே பின்னலைப் படமெடுப்பது வழக்கம். தசையில் ஊசி வைத்து மின் அசைவை அறியும் சோதனையும் ஏறத்தாழ மூன்று வாரங்களுக்குப் பின்னரே தெளிவான விடை தரும். இந்த மூன்று வாரக் காத்திருப்பு முறையானது. மூன்று மாத அசட்டையோ அவ்வாறன்று.

வேர் பறிபட்டது என்று தெரிந்துவிட்டால் நம்பிக்கைக்கு இடமே இல்லையா? உண்டு. அருகில் நலமாக உள்ள வேறொரு நரம்பின் சில இழைகளைக் கடன் வாங்கி, செயலற்ற தசையின் நரம்போடு இணைக்கும் அறுவை முறைகள் வந்துள்ளன. பிரெஞ்சு அறுவை மருத்துவர் கிறிஸ்தோப் ஓபர்லின் 1994ஆம் ஆண்டில் வெளியிட்ட முறை இவற்றுள் புகழ்பெற்றது. விரல்களுக்குச் செல்லும் ஒரு நரம்பிலிருந்து சிறு கட்டொன்றைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு மேற்கையிலேயே இணைக்கிறார்கள். இணைப்பு தசைக்கு மிக அருகில் அமைவதால் இழை வளரவேண்டிய தொலைவு குறைகிறது, காலமும் குறைகிறது. இதற்குக் கடன் கொடுக்கும் நரம்பு நலமாக இருக்க வேண்டும். எது நலமாக உள்ளது, எது இல்லை என்று முன்கூட்டியே திட்டமிடுவதற்குப் படமும் துணைசெய்கிறது.

பிறக்கும்போதே கழுத்து நரம்பு இழுபட்ட குழந்தைகளும் உண்டு. பிள்ளைப்பேற்றில் தோள் சிக்கிக்கொள்ளும்போது இது நேரலாம். இவர்களுள் பலர் தாமாகவே நலமடைகின்றனர். எனினும் மூன்று மாதம் நிறைந்தும் குழந்தை முழங்கையை மடக்கவில்லையெனில், அதற்குரிய வல்லுநரிடம் காட்டுவதைத் தள்ளிப்போடலாகாது.

படம் சாட்சி, நீதிபதி அன்று

இவ்வளவு கூறியதைக் கேட்டு, கழுத்து வலிக்கும் ஒவ்வொருவரும் ஸ்கேன் எடுக்க ஓட வேண்டும் என்று யாரும் கருதிவிடக் கூடாது. அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், கழுத்தில் எந்த நோவும் இல்லாத 63 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தனர். அவர்களுள் 19 விழுக்காட்டினரின் படங்களில் கோளாறு தெரிந்தது. 40 வயதைக் கடந்தவர்களில் அது 28 விழுக்காடு. ஜப்பானில் நோவற்ற 1,211 பேரைச் சோதித்து 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்விலோ, 87.6 விழுக்காட்டினர்க்குக் கழுத்தெலும்புகளின் இடையிலுள்ள வட்டு பிதுங்கியிருந்தது. ‘டிஸ்க் பிதுங்கியிருக்கிறது’ என்று அறிக்கையில் கண்டவுடன் மனம் ஒடிந்துபோகும் அன்பர்கள் இதனைச் சிந்திக்க வேண்டும். தலைநரையைப் போல, பலருக்கு அது வயதின் அடையாளமே.

கழுத்து வட்டு நரம்பை அழுத்துவதால் கையில் இறங்கும் வலி, பெரும்பாலோர்க்குச் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ அறுவையின்றியே தணிகிறது. கையில் வலுக் குறைதல், நடை தடுமாறுதல், விரல்கள் நுட்பமான வேலைக்கு உதவாமை, சிறுநீர் கழிப்பதில் மாற்றம் ஆகியவை தோன்றினால் மட்டும் நாளைக் கடத்தாமல் மருத்துவரை அணுக வேண்டும்.

மறுபுறம், படம் தவறுவதும் உண்டு. நீர்ப்பை தெரிந்தும் வேர் பறிபடாதிருப்பதுண்டு. பை தெரியாமலே பறிபட்டிருப்பதும் உண்டு. எனவே தேர்ந்த மருத்துவர் படத்தைப் பார்க்குமுன் நோயாளியைப் பார்க்கிறார். கை செயலற்றவனின் கண்ணை அவர் உற்று நோக்குவதைக் கண்டு வீட்டார் வியக்கலாம். அப்பக்கத்து இமை தாழ்ந்து, கண்மணி சுருங்கியிருந்தால், மார்பின் முதல் நரம்பு வேரோடு பறிபட்டிருக்கலாம் என்று அது குறிப்புணர்த்தும். பின்னர் அவர் கழுத்தின் பக்கத்தை விரலால் தட்டுவார். கைக்குள் மின்சாரம் ஓடுவதுபோல் விறுவிறுத்தால், தண்டுவடத்தோடு தொடர்புள்ள நரம்பு முனை அங்கே உயிரோடு உள்ளது எனக் கொள்ளலாம். இந்த விரல் சோதனையை முதல் உலகப் போரின்போது 1915ஆம் ஆண்டில் பிரெஞ்சு மருத்துவர் ஜூல் டினெலும் ஜெர்மானியர் பால் ஹாப்மனும், ஒருவரையொருவர் அறியாமல், எதிரெதிர் அணியில் இருந்துகொண்டே கண்டறிந்து எழுதினர். நூறாண்டுக்கு மேற்பட்ட அவ்விரல் தட்டலும் இன்றைய காந்தப் படமும் ஒரே செய்தியைச் சொன்னால் மருத்துவர் துணிந்து முடிவெடுப்பார்.

குகைக்குள் செல்பவர்க்கு

இயந்திரம் குகை போன்ற ஒரு குழல். கழுத்துப் படத்துக்குத் தலையும் அதற்குள் செல்ல வேண்டும். அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை அசையாமல் படுத்திருக்க நேரலாம். சம்மட்டியால் அடிப்பது போன்ற பேரொலி எழும். காதுக்கு அடைப்பான் தருவார்கள். வலி எதுவும் இல்லை. எச்சில் விழுங்குவதும் இருமுவதும்கூடப் படத்தைக் கெடுக்குமாதலால், எப்போது அசையலாம் என்பதை ஊழியரிடம் முன்னரே கேட்டுக்கொள்வது நன்று. மூடிய இடத்தைக் கண்டு அஞ்சுபவர்கள் அதனை வெட்கமின்றிச் சொல்லிவிட வேண்டும். கையில் தரும் அழைப்பு விசையை அழுத்தினால் வெளியே எடுத்துவிடுவார்கள்.

உலோகம் எதுவும் உடலில் இருக்கலாகாது. கடிகாரம், கொண்டை ஊசி, சாவி, கைத்தொலைபேசி ஆகியவற்றோடு கழுத்துச் சங்கிலியையும் சிலுவைப் பதக்கத்தையும் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஜெபமாலையையும் உள்ளே கொண்டுசெல்ல இயலாது. மனத்துக்குள் ஜெபிப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. இதயத்தில் பேஸ்மேக்கர், மூளையில் கிளிப், காதில் பொருத்திய கேட்புக் கருவி, கண்ணில் என்றோ தெறித்த இரும்புத் துகள் ஆகியவை உண்டெனில், ஊழியர் கேட்கும் வரை காத்திராமல் நாமே சொல்ல வேண்டும்.

துணைக்கு வரும் உறவினரும் ஒன்றை மறக்கலாகாது. படமெடுக்காத நேரத்திலும் அந்தக் காந்தம் ஓய்வதில்லை. திரவ ஹீலியத்தால் உறைகுளிரில் வைக்கப்பட்டுள்ள அதன் சுருளில் மின்சாரம் இரவும் பகலும் ஓடிக்கொண்டே இருக்கிறது. 2018ஆம் ஆண்டு ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில், ஆக்ஸிஜன் உருளையுடன் அவ்வறைக்குள் நுழைந்த இளைஞர் ஒருவர் இயந்திரத்தோடு இழுக்கப்பட்டு உயிரிழந்தார். நோயாளிக்கு உதவ வந்தவர் அவர். ஆகவே கதவருகே நிறுத்தினால் நின்றுவிடுவதே நாம் செய்யக்கூடிய உதவி.

காலத்தை அறிவோம்

தொடக்கத்தில் கண்ட இளைஞனிடம் மீண்டும் வருவோம். அவனுடைய கை துவண்டு கிடக்கும் முதல் வாரத்திலேயே வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எலும்பு சரி, நரம்பு எப்படி இருக்கிறது?” நரம்பு அறுவையில் தேர்ந்த மருத்துவர் உள்ள மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் செல்ல வேண்டும். காத்திருக்கும் நாட்களிலும் மூட்டுகள் இறுகிப்போகாதபடி, இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் பயிற்சியை நாள்தோறும் செய்விக்க வேண்டும். உணர்வற்ற கையைச் சூடும் தீயும் தாக்காமல் காக்க வேண்டும். எண்ணெய் நீவுதலால் அறுந்த நரம்பு ஒட்டாது. அதனை நம்பிக் கழித்த மாதங்கள் திரும்பி வாரா.

பொறுமை பெரும் பண்பு என்று சிறுவயது முதலே கற்றிருக்கிறோம். ஆயினும் எதற்குப் பொறுத்திருப்பது, எதற்கு விரைவது என்று அறிந்த பின்னரே பொறுமை பண்பாகிறது. நீட்சியுற்ற நரம்புக்குப் பொறுமை மருந்து. பறிபட்ட நரம்புக்கோ அதுவே பகை. இரண்டையும் பிரித்தறியத் துணைபுரியும் இந்தக் காந்தப் படத்தை மருத்துவரின் அறிவுரையோடு, உரிய வேளையில் பயன்படுத்திக்கொள்வோமாக. தாய் ஊட்டிவிட்ட சோற்றை, ஒரு நாள் அவன் தன் கையாலேயே பிசைந்து உண்ணக் கூடும்.